நாற்றம் பூச்சியைக் கொல்லாது

செத்துவிட்டது என்று மாமா துடைப்பத்தால் ஓரம் தள்ளிய கரப்பான், மல்லாந்து கிடந்தபடி ஒரு காலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. கையில் டீயோடு நான் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. புரண்டு எழுந்தது. மீசையை வாயில் இழுத்துத் துடைத்துக்கொண்டது. பிறகு அடுப்பு மேடைக்குக் கீழே, எந்த விரிசலிலிருந்து வந்ததோ அதே விரிசலுக்குள் நிதானமாக நடந்து போய்விட்டது. மாமா அதற்குள் அடுத்ததைத் துரத்திக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கம் போயிருந்தார். கையில் ஸ்பிரே டப்பா, முகத்தில் ஒரு வெற்றி.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இந்தச் சமையல்கட்டில் இத்தனை நாளாகச் செத்ததில் பாதி சாகவே இல்லை. விழுவதைப் பார்த்துவிட்டுச் செத்ததாக நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அக்காவும் மாமாவும் கும்மிடிப்பூண்டியில் மெஸ் நடத்துகிறார்கள். ரயிலிலிருந்து இறங்கித் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் காலையில் நாஷ்டாவுக்கு நுழைவார்கள். ஆனால் மெஸ் நிற்பது அவர்களால் இல்லை. ஓர் இரும்பு ஆலைக்கு தினமும் மதியச் சாப்பாடு போகிறது, அதனால்தான் நிற்கிறது. அந்தச் சாப்பாட்டில், முட்டைக்கோஸ் கூட்டில், ஒரு கால் கிடைத்துவிட்டது. முழுப் பூச்சிகூட இல்லை, கால். ஆலையில் இரண்டு வாரம் கெடு கொடுத்தார்கள். கெடு முடிகிற திங்கட்கிழமை ஓர் அதிகாரி வந்து சமையல்கட்டைப் பார்ப்பார். பூச்சி இருந்தால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போகும். போனால் மாமா பழையபடி யாருக்காவது வேன் ஓட்ட வேண்டும். அக்கா மெஸ்ஸைப் பூட்டிவிட்டுப் பொன்னேரியில் மாமியார் வீட்டுக்குத் திரும்பி, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அது அவளுக்கு எப்படிப்பட்ட இடம் என்று எனக்குத் தெரியும். செய்தி வந்த நாளிலிருந்து அவள் சமைத்ததை அவளே சரியாகச் சாப்பிடவில்லை.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். அதே பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் மெஸ்ஸில் டீ குடித்துவிட்டு ரயிலேறுவேன். என் படிப்பை இந்த மெஸ்ஸில் யாரும் ஒருநாளும் எதற்கும் உபயோகித்ததில்லை, பெரிய பாத்திரத்துக்கு எத்தனை கிலோ உப்பு என்று ஒருமுறை கேட்டதைத் தவிர.

கெடு வந்ததும் ஆளாளுக்கு விஷத்தோடு வந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் இது ஒரு சௌகரியம். வேலைக்குப் போகிற ஒவ்வொருவன் கையிலும் ஏதோ ஒரு டப்பா இருக்கும். ஒருவர் ஆலையில் தரை கழுவும் ஆசிட் கொண்டுவந்தார். இன்னொருவர் பெயின்ட் கரைக்கிற எண்ணெயைக் கொண்டுவந்து, ஒரு சொட்டு போதும், கண்ணில் தண்ணீர் வரும் என்றார். வந்தது, எங்களுக்கு. ஒருவர் சுவரில் சொருகினால் சத்தம் போட்டுப் பூச்சியை விரட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அந்தப் பெட்டிக்குள்ளேயே இரண்டு கரப்பான் குடியிருந்தன. கதகதப்பாக இருந்திருக்கும்.

இவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே சித்தாந்தம்தான்: நாறினால் மருந்து. மூக்கு எரிந்தால் நல்ல மருந்து. இருமல் வந்தால் உயர்ந்த மருந்து. பூச்சிக்கு இவர்களுடைய மூக்கு இருப்பதாக எண்ணம்.

அந்த ஸ்பிரே என்ன செய்கிறது என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் இருக்கும் நஞ்சைப் பார்த்து ஆலையில் செய்த நகல் அது. பூச்சியின் நரம்பில் செய்தி போவதற்குக் குட்டிக் குட்டிக் கதவுகள் இருக்கின்றன. செய்தி போனதும் மூடிக்கொள்ள வேண்டும். இந்த மருந்து அவற்றை மூடவிடாது. ஒரே செய்தி ஓயாமல் அடித்துக்கொண்டே இருப்பதால் கால் உதறி மல்லாந்து விழுகிறது. நன்றாக நனைந்திருந்தால் செத்துவிடும். ஓரமாகப் பட்டிருந்தால் அதன் உடம்பு மருந்தைச் செரித்துவிட்டு எழுந்துவிடும். தவிர, கரப்பான் அந்த வாடை பட்ட இடத்தை விட்டு விலகி சுவருக்குள் இன்னும் ஆழமாகப் போகும். பெண் பூச்சி வாலில் சுமந்துகொண்டு போகிற முட்டைப் பைக்குள் இந்த மருந்து நுழையவே நுழையாது. தரையில் போடுகிற பூச்சிச் சாக்பீஸும் இதே ஜாதிதான். கோட்டைத் தாண்டினால் காலில் ஒட்டும், அவ்வளவுதான். அக்கா அதை வாசலில் கோலம் மாதிரி போட்டிருந்தாள். கரப்பான் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

மாமா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, தீர்ந்துபோச்சு, இன்னொன்று வாங்க வேண்டும் என்றார்.

ஆகவே நான் யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னால், சனிக்கிழமை, பாரிமுனைக்குப் போய் ஊசிக்குழாயில் வருகிற களி மருந்து, கடையில் ஜெல் என்பார்கள், வாங்கிவந்தேன். தேன் நிறம், துளி வாடை கிடையாது. கரப்பானுக்கு அது சோறு. அதற்குள் இருக்கிற நஞ்சு நரம்பின் பிரேக்கைப் பிடுங்குகிறது, ஆனால் உடனே இல்லை. தின்ற பூச்சி தன் பொந்துக்குத் திரும்பிப் போகும். அங்கே கழியும், அங்கேயே சாகும். வெளியே வரத் தெரியாத குஞ்சுகள் அந்தக் கழிவைத் தின்னும், பிணத்தைத் தின்னும், அவையும் சாகும். நாம் எட்ட முடியாத இடத்துக்கு மருந்தைத் தூக்கிக்கொண்டு போவது பூச்சியேதான். இதைவிட அழகான ஏற்பாட்டை நான் ஆய்வகத்தில்கூடப் பார்த்ததில்லை. கதவுக் கீல், கிரைண்டரின் அடி, சிலிண்டருக்குப் பின்சுவர், ஸ்விட்ச் போர்டின் ஓரம் என்று கடுகளவு கடுகளவாக ஐம்பது அறுபது புள்ளி வைத்தேன்.

எங்கே வைத்தேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லி இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வேலை தெரிய ஆரம்பித்தது. இருட்டில் மட்டும் வருகிற ஜென்மங்கள் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு நடுத்தரைக்கு வந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமாவுக்கு அதைவிட அதிகம், ஓடாத பூச்சியை அடிப்பது சுலபம் அல்லவா. புது டப்பாவை எடுத்து அவை வந்த வழியெல்லாம் அடித்துத் தள்ளினார். என் புள்ளிகள் மேலும்தான். வாடை ஏறிய சோற்றை எந்தக் கரப்பான் தின்னும்?

மிச்சத்தை வியாழக்கிழமை அக்கா முடித்துவைத்தாள். வெள்ளிக்கிழமை பூஜைக்காக வியாழன் சாயந்திரம் சமையல்கட்டை மேலிருந்து கீழ்வரை கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். அடுப்பைத் தேய்த்து, சுவரைத் துடைத்து, சிலிண்டருக்குக்கூட மஞ்சள் குங்குமம் வைப்பாள். அந்த வாரம் ஆர்டர் பயமும் சேர்ந்துகொள்ள, ஸ்டூல் போட்டு ஏறிக் கீலையெல்லாம் சோடா உப்பால் தேய்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை நான் போனபோது அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"எவ்ளோ எச்சம்டீ. எங்க பார்த்தாலும் பழுப்பா புள்ளி புள்ளியா பேண்டு வெச்சிருக்குதுங்க. ஒண்ணு விடாம தேய்ச்சிட்டேன்."

நான் வைத்த மருந்து அது. கரப்பான் எச்சத்துக்கும் அதற்கும் அப்படி ஒன்றும் வித்தியாசம் தெரியாது என்பதை அவளோடு நின்று பார்த்தபோது ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் சொன்னதும் அவள் திட்டவில்லை. கையில் இருந்த நாரைப் பார்த்துக்கொண்டே, "வாயத் தொறந்து சொன்னா கொறைஞ்சா பூடுவே?" என்றாள். அந்த வாரம் முழுக்க நான் பேசிய பேச்சில் யாரும் எனக்குத் தந்த ஒரே சரியான பதில்.

அன்றே மறுபடி வைத்தேன். இந்த முறை அவளைப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். அது எப்படிக் கொல்கிறது என்றும், மேலே ஸ்பிரே அடிக்கக் கூடாது என்றும் மாமாவிடமும் சொன்னேன். ஆனால் களி மருந்துக்கு ஒரு வாரமாவது வேண்டும். இருந்தது மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. மதியம் நான் போனபோது மாமா ஒரு பழைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் ஏதோ அளந்துகொண்டிருந்தார். பால் மாதிரி இருந்தது. வாடை வாசல்வரைக்கும் வந்தது. பொன்னேரியில் அவர்களுக்குக் கழனி இருக்கிறது. நெல்லுக்கு அடித்து மிஞ்சிய மருந்தை அவருடைய அப்பாவிடமிருந்து வாங்கிவந்திருந்தார். அதைத் தண்ணீர் பாட்டிலில், லேபிள் இல்லாமல், சாப்பாட்டு மேஜை மேல் வைத்திருந்தார். இந்த மாவட்டத்தில் பாதி வீட்டில் இப்படித்தான் வைப்பார்கள், கேட்டால் நமக்குத் தெரியாதா என்பார்கள்.

"சந்துல மட்டும் அடிக்கிறேன்மா. நாளைக்கு ஒண்ணு நிக்காது. உன் மருந்து ஒரு வாரம் கேக்குது, அந்தாளு ஒரு வாரம் நிப்பானா?"

நான் கத்தவில்லை. இந்தக் கழனி மருந்து நரம்பில் செய்தியைத் துடைத்துவிடுகிற ஒரு பொருளைக் கட்டிப்போட்டுவிடும். அதே பொருள்தான் நமக்கும் இருக்கிறது. சுவரில் அடித்தால் ஆவியும் பிசுக்கும் அரிசியிலும் பாத்திரத்திலும் தங்கும். நாளைக்கு அந்தச் சோற்றை ஆலையில் அத்தனை பேர் தின்பார்கள் என்று சொன்னேன்.

"எங்க அப்பா எத்தினி வருசமா அடிக்கிறாரு. இன்னா ஆய்டுச்சு அவருக்கு?"

"அடிச்சிட்டு வந்த அன்னிக்கெல்லாம் தல சுத்துதுன்னு, வாயில எச்சி ஊறுதுன்னு, சோறு வாணாம்னு படுத்துக்கினு இருப்பாரே மாமா. வெயில்னு நெனச்சீங்களா?"

மாமா மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள்.

"ஏங்க, அத்த மூடுங்க. ஆர்டர் போனா போவட்டும். நம்ம சோத்த தின்னு எவனாச்சும் மயங்கி விழுந்தான்னா அப்புறம் நான் கரண்டிய தொடமாட்டேன்."

அவர் மூடினார். பாட்டிலைப் பையில் கட்டி, வண்டியில் போட்டுக்கொண்டு கழனிக்கே திருப்பிக் கொடுக்கப் போனார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னதை, ஆச்சரியம், செய்தார்.

அதிகாரி திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு நின்றிருந்தேன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் அட்டையில் செருகிய படிவம். உள்ளே வந்ததும் இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"மருந்து அடிச்ச மாதிரியே தெரியலையே. ஸ்மெல்லே இல்ல."

ஆசிட் கொண்டுவந்தவருக்கும் இவருக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? படிவம். நான் வாயைத் திறக்க, அக்கா என் முழங்கைக்கு மேல் கிள்ளினாள். அவர் செல்போன் விளக்கைப் போட்டு கிரைண்டருக்குக் கீழே பார்த்தார், சுத்தமாக இருந்தது. சிலிண்டர் பக்கம் போனார். அங்கேயிருந்து ஒன்று தள்ளாடிக்கொண்டு வெளியே வந்து, அவருடைய ஷூவுக்கு ஒரு முழம் முன்னால் மல்லாந்து விழுந்து காலை உதறியது.

அவர் எழுதினார்: ஒன்று, உயிருடன்.

"உயிரோட இல்ல சார்," என்றார் மாமா. "அது செத்துக்கினு இருக்குது. உள்ள போய் மத்ததுங்களையும் சாவடிச்சிட்டு வந்திருக்குது. மருந்து அப்படி. நாத்தம் வந்தா பூச்சி ஓடிப்பூடும் சார், சாவாது."

இத்தனை நாளாக நான் பேசியதை அவர் ஒரே மூச்சில், எனக்கு முன்னால், தன்னுடைய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னார். அதிகாரி அவரைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார். பிறகு, அதெல்லாம் சரி, சர்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்டார். லைசென்ஸ் உள்ள கம்பெனி மருந்து அடித்ததாக முத்திரை போட்ட காகிதம். இல்லை. ஒரு மாதம் டைம் தந்தார். அதுவரைக்கும் சாப்பாடு போகலாம். மறுபடி வரும்போது காகிதமும் இருக்க வேண்டும், பூச்சியும் இருக்கக் கூடாது. இரண்டில் எது அவருக்கு முக்கியம் என்று நான் கேட்கவில்லை.

அவர் போனபிறகு அக்கா ஒரு தட்டில் சோறு போட்டு, நின்றபடியே சாப்பிட்டாள்.

அன்று சாயந்திரம் ஐந்து இடத்தில் ஒட்டு அட்டை வைத்தேன். கொல்வதற்கு இல்லை, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள. மறுநாள் நாலு அட்டையில் ஒன்றிரண்டுதான். வடக்குச் சுவரில் குழாய் போகிற துவாரத்துக்குக் கீழே வைத்ததில் இடம் இல்லாமல் ஒட்டியிருந்தன. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரி. சூடு, மாவு, சர்க்கரை, ஈரம். கரப்பானுக்கு அதைவிட என்ன வேண்டும்? இங்கே நான் எத்தனை புள்ளி வைத்தாலும் அங்கிருந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

பேக்கரிக்காரரிடம் போய் அட்டையைக் காட்டினேன். "எங்க கடைல பூச்சியே கெடையாதும்மா. எல்லாம் உங்க மெஸ்லேர்ந்து சோறு தின்னுட்டு இங்க டீக்கு வருதுங்க," என்றார். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது, அது பூச்சிக்காம்.

பேக்கரிக்காரரிடம் என்னென்னவோ சொல்ல வாய்வரை வந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஒரு மாதத்துக்குள் அவருடைய சுவருக்குள் நான் கை விட்டாக வேண்டும். முதலில் குழாய்த் துவாரத்தை இந்தப் பக்கமிருந்து சிமென்ட்டால் அடைப்பதாக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை மூன்று மணிக்கு பேக்கரியில் அடுப்பு அணைப்பார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் பேசுவாள், நான் புள்ளி வைப்பேன். கூடவே இன்னொரு மருந்தையும் அங்கே வைத்துப் பார்க்கப்போகிறேன். அது எதையும் கொல்லாது. குஞ்சு தோலுரித்துப் பெரிதாகிற கட்டத்தில் உடம்புக்குத் தப்பான உத்தரவு கொடுக்கும்; வளரும், ஆனால் முட்டை வைக்கத் தெரியாமல் வளரும். பலன் தெரியவே இரண்டு மாதம் ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது, எனக்கு இருப்பது ஒன்றுதான். களி மருந்தோடு சேர்த்து வைத்தால் சீக்கிரம் தெரியுமா என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை அட்டையை மாற்றி எண்ணிக்கொண்டு வருவேன்.