உன் அண்ணன் எங்கே?

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் அவர் கேட்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் எஸ்தர். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இந்த மாதம் நம் சபையில் மோசேயின் ஐந்து ஆகமங்களை வாசித்து வருகிறோம். யூதர்கள் அதைத் தோரா என்று சொல்வார்களாம். அதில் வரும் அண்ணன் தம்பிகளைப் பற்றி யாராவது சாட்சி சொல்லுங்கள் என்று போதகர் கேட்டபோது, என் வீட்டுக்காரர் ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். அவர் நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டார். அதனால் நான் வந்தேன்.

அவருக்கு ஒரே அண்ணன். கலியபெருமாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு மோட்டார். நாங்கள் ஞானஸ்நானம் எடுத்தோம், அண்ணன் எடுக்கவில்லை. அதுவரைக்கும்கூடப் பெரிய சண்டை இல்லை. என் மாமனார் இறந்தபோதுதான் வந்தது. தலை மழிக்க மாட்டேன், சடங்கு செய்ய மாட்டேன், ஆனால் அப்பனைத் தூக்குவேன், குழியில் இறங்குவேன் என்று இவர் சொன்னார். அண்ணன் பாடையைத் தொட விடவில்லை. ஊர் மொத்தமும் நிற்கும்போது, "நீ எங்கப்பனுக்குப் பொறக்கல. தள்ளிப் போடா!" என்றார்.

அன்றோடு பேச்சு நின்றது.

சபையில் இவருக்குக் கை கொடுத்தார்கள். விசுவாசத்தில் உறுதியாக நின்றார் என்று மெச்சினார்கள். வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனதை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பெற்ற தகப்பனைப் புதைக்கும்போது தள்ளி நின்று பார்த்த மனுஷன் அவர்.

அதன் பிறகு கிணற்றடிதான் எங்களுக்கு நரகம். அண்ணன் முறை முடிந்தால் மோட்டார் கொட்டகைச் சாவியைக் கையில் தர மாட்டார். மண்ணில் போட்டுவிட்டுப் போவார். இவர் குனிந்து எடுத்துக்கொள்வார். நானும் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி அஞ்சலையும் துணி துவைக்கும் சாக்கில் கண்ணாலேயே பேசிக்கொள்வோம். அவளுக்கும் அழுகைதான், எனக்கும் அழுகைதான்.

நான் ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, இவங்க ரெண்டு பேரும் பேசணும். வேற ஒண்ணும் வேணாம்" என்று கெஞ்சினேன். வருஷங்கள் போயின. சாவி மண்ணிலேயே விழுந்துகொண்டிருந்தது. சபையில் யாரிடம் சொன்னாலும், "ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்" என்பார்கள். வேறு என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

அப்போதுதான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புளிய மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை. எங்கள் ஊரில் முன்னால் நின்றவர்களில் கலியபெருமாளும் ஒருவர். எங்கள் ஜனத்துக்குப் படிப்பும் வேலையும் வேண்டும் என்று கேட்டார்கள். அதில் தப்பில்லை என்றுதான் என் வீட்டுக்காரரும் சொன்னார். ஆனால் மரம் வெட்டப் போகவில்லை. அதற்கு அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "அவனுக்கு இன்னாடா கவல? மேல பரலோகத்துல சீட்டு போட்டு வெச்சிகினு இருக்கான்" என்றாராம். கடை மொத்தமும் சிரித்ததாம். இவர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பிறகு போலீஸ் ஊர் ஊராக ஆள் பிடிக்க வந்தது. ஆண்கள் கல்வராயன் மலைக்கு ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் கரும்புக் கொல்லையில் பதுங்கினார்கள். அஞ்சலை வீட்டுக் கதவை உடைத்துத் தேடிவிட்டுப் போனார்கள்.

அன்று காலை தண்ணீர் கட்டப் போன என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"கூழ்த் தூக்கு எங்க?" என்றேன்.

"கரும்புல வெச்சிட்டேன்."

"ஏன்?"

அவர் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அண்ணன் எங்கள் கரும்பில்தான் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். அப்போதுகூட ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் வரப்பில் தூக்கை வைத்திருக்கிறார், திரும்பி வந்திருக்கிறார். பசி தெரிகிறது, பேசத் தெரியவில்லை! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மத்தியானம் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது.

அதிகாரி ஒருவர் இறங்கி, இவர் சட்டையைப் பிடித்து, "உன் அண்ணன் எங்கடா?" என்றார்.

சகோதர சகோதரிகளே, தம்பியைக் கொன்ற காயீனிடம் தேவன் கேட்ட கேள்வி அல்லவா அது? தெரியாது, நான் என்ன அவனுக்குக் காவல்காரனா என்று காயீன் சொன்னான். அதை வாசிக்கும்போதெல்லாம் சீ என்று இருக்கும். ஆனால் அன்று நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, இவரும் தெரியாதுன்னு சொல்லணும்" என்றுதான் ஜெபித்தேன்.

இவர் சொன்னார்: "தெரியுங்க. சொல்ல மாட்டேன்."

பொய் சொல்லவும் தெரியாது, காட்டிக் கொடுக்கவும் தெரியாது. இப்படி ஒரு மனுஷனோடு நான் என்ன செய்வேன்? கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "உனக்கும் அவனுக்கும்தான் பேச்சே இல்லியாமே?" என்று கேட்டார் அதிகாரி.

"பேச்சு இல்லிங்க. அதுக்காக அண்ணன் இல்லன்னு ஆயிடுமா? ஒரு ஆளு வோணும்னா என்னக் கூட்டிகினு போங்க. அவருக்குப் பொம்பளப் புள்ளைங்க இருக்குது."

யோசேப்பின் முன்னால் நின்று, தம்பிக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள் என்று கேட்டானே யூதா, அவன் நினைப்பு எனக்கு அப்போது வரவில்லை. பிறகு, வாசிக்கும்போதுதான் வந்தது. அப்போது வந்ததெல்லாம் கோபம். என்னையும் கைப்பிள்ளையையும் வாசலில் நிறுத்திவிட்டு இவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜீப் போனதும் நான் பிள்ளையை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அண்ணன் எதிரில் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று வரப்பில் நின்று கரும்பைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமா! உங்க தம்பியப் போலீசு புடிச்சிகினு பூட்டாங்க! அடிச்சாங்க, அப்பயும் உங்களக் காட்டிக் குடுக்கல! எங்கப்பனுக்குப் பொறக்கலன்னு சொன்னீங்களே, இப்ப சொல்லுங்க, யாருக்குப் பொறந்தாரு அவரு?"

காய்ந்த கரும்புச் சோகை உரசும் சத்தம்தான் கேட்டது. நான் மண்ணை வாரி அந்தக் கரும்பின் மேல் எறிந்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அப்போதிருந்த போதகர் வந்தார். நல்ல மனுஷன்தான். "எல்லாம் நன்மைக்கேம்மா" என்று ஆரம்பித்தார்.

"அய்யா, தயவு செஞ்சி போய்ட்டு வாங்க" என்றேன். அவர் போய்விட்டார். பிறகு கர்த்தரிடம் உட்கார்ந்தேன். ஸ்தோத்திரம் சொல்ல அல்ல. "நான் இதையா கேட்டேன்? ரெண்டு பேரும் பேசணும்னு கேட்டா, ஒருத்தரைக் கொல்லையிலயும் ஒருத்தரை லாக்கப்லயும் வெச்சிருக்கீரே. உமக்குத் தமிழ் புரியலையா?" என்றேன். அப்படியேதான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலும் சொல்லவில்லை.

விடிந்ததும் அஞ்சலை மூச்சிரைக்க ஓடி வந்தாள். "எஸ்தரு, எங்க வூட்டுக்காரு கரும்புலருந்து வெளிய வந்து நேரா ஸ்டேஷனுக்கே போய்ட்டாரு! தம்பிய வுடுங்கன்னு கேக்கப் போறாராம்!"

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அண்ணன் சரணடைந்தால் தம்பியை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு ஏமாளி நான்! அவரையும் பிடித்து வைத்துக்கொண்டு, இவரையும் விடவில்லை. கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு இரண்டு பேரையும் கொண்டு போகிறார்கள் என்று தகவல் வந்தது.

பஸ் ஏது? நானும் அஞ்சலையும் நடந்தோம். வெட்டிப் போட்ட மரங்களை ஏறி ஏறித் தாண்டினோம். பிள்ளையை அவள் வாங்கிக்கொள்வாள், பிறகு நான் வாங்கிக்கொள்வேன். அந்த மரங்களில் ஒன்றைக் காட்டி, "இது எங்க வூட்டுக்காரு வெட்டனதுதான்" என்றாள். "பாத்து வெட்டக் கூடாதா? எவ்ளோ கெனமாக் கீது பாரு, தாண்டவே முடில" என்றேன். அவ்வளவு துக்கத்திலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோர்ட் வாசலில் வண்டியிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். இரண்டு இரண்டு பேராக விலங்கு போட்டிருந்தார்கள். ஒரு விலங்கின் ஒரு வளையம் கலியபெருமாள் கையில், மறு வளையம் ஏழுமலை கையில். யார் யாரை யாரோடு சேர்த்துப் பூட்டினார்களோ தெரியாது. பூட்டிய போலீஸ்காரருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. அத்தனை வருஷம் ஒரே கிணற்றில் எதிரெதிராக நின்ற இரண்டு பேரும் தோள் உரச நின்றார்கள்.

நாங்கள் கிட்டே போகும்போது பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சா அது? சண்டை.

"அறிவு இருக்குதாடா உனக்கு? தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா கேடு?"

"நீ ஏன் வந்த? நான்தான் வந்துட்டேன் இல்ல?"

"கைப்புள்ளய வெச்சிகினு பொண்டாட்டி கொல்லையில வந்து கத்தினு கெடக்குது. நான் கேட்டுகினு உக்காந்திருக்கணுமா?"

"கூழு குடிச்சியா?"

அந்தக் கேள்விக்குத்தான் அண்ணன் உடைந்தார். விலங்கு இல்லாத கையால் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், குரல் எடுத்து அழுதார். என் வீட்டுக்காரர் அசையாமல் நின்றார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் பேசினார்கள். ஆனால் அடுத்த நிமிஷமே இருவரையும் சிறைக்கு அனுப்பினார்கள். மனதார ஸ்தோத்திரம் சொல்லக்கூட என்னை விடவில்லை.

அவர்கள் வரும்வரை நானும் அஞ்சலையும் ஒரே அடுப்பில் சமைத்தோம், மாறி மாறித் தண்ணீர் கட்டினோம். சிறையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்தார்களாம். அங்கேதான் அண்ணன் கேட்டாராம், "அப்பனுக்கு ஏன்டா மொட்ட போடல?" இவர் சொன்னாராம், "மொட்ட போடலன்னா மகன் இல்லன்னு ஆயிடுமா? குழிக்கு ஒரு கை மண்ணு போடக்கூட வுடலியே நீ."

ஜாமீனில் வந்த அந்த வருஷம், மாமனாரின் நினைவு நாளுக்கு அண்ணன் தன் வழக்கப்படி படைக்கப் போனார். தம்பியையும் அவரே கூப்பிட்டார். இவர் சமாதியைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, சரிந்திருந்த இடத்துக்கு மண் சுமந்து போட்டார். அண்ணன் கற்பூரம் ஏற்றும்போது இவர் சற்றுத் தள்ளி முழங்காலில் நின்று நம் தேவனை நோக்கி ஜெபித்தார். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

இதை வைத்துச் சபையில் சிலர் எங்களைக் குறை சொன்னார்கள். எனக்கு அதுவும் ஒரு வருத்தம். ஆதியாகமத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். ஆபிரகாம் மரித்தபோது ஈசாக்கும், துரத்திவிடப்பட்ட இஸ்மவேலும் சேர்ந்துதான் அடக்கம் பண்ணினார்கள். ஈசாக்கு மரித்தபோது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்துதான் அடக்கம் பண்ணினார்கள். ஆசீர்வாதம் ஒருவனுக்குத்தான் போயிற்று. ஆனால் அப்பன் இரண்டு பேருக்கும் அப்பன். இதை ஏன் நாம் சத்தமாக வாசிப்பதில்லை?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஏசாவும் யாக்கோபும் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆனால் வேறு வேறு ஊரில்தான் குடியிருந்தார்கள். அது எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனாலும் உண்மை. என் மச்சாண்டார் கலியபெருமாள் இன்றுவரை நம் சபை வாசலை மிதிக்கவில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன், கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போகிறது. கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரத்துக்காக இரண்டு பேரும் இன்னும் சத்தம் போடுகிறார்கள். போடட்டும். வாயை மூடிக்கொண்டு வாழ்ந்த அந்த வருஷங்களைவிட இது எவ்வளவோ மேல். என் பெண்ணின் கல்யாணத்தில் பெரியப்பாதான் முன்னால் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார். கர்த்தருக்கு நன்றி.

கடைசியாக ஒன்று. இந்த ஆலயத்திலேயே கூடப்பிறந்தவர் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று பின்வாசல் வழியாக வெளியே போகிறவர்கள் இருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஜெபியுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே ஜெபியுங்கள், அவர் தாங்குவார். நீங்கள் நினைத்த மாதிரி பதில் வராது, அதற்கும் தயாராக இருங்கள். இன்று ஆராதனை முடிந்ததும் முன்வாசல் வழியாகப் போங்கள். அங்கே நிற்கிறவரிடம் வேறொன்றும் சொல்ல வாய் வராவிட்டால், சாப்பிட்டாயா என்றாவது கேளுங்கள்.