பொன்முடியில் மைக் பிடித்த எட்டு நாட்கள்

மலை உச்சியில் நடக்கும் கோடை விழாவுக்கு அறிவிப்பாளராகப் போகிறவர், எதிரே கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஒரு மணி நேரம் சிரித்த முகத்துடன் பேசப் பழகியிருக்க வேண்டும். கீழே ஊருக்குள் மைக் பிடித்துப் பிழைக்கும் என் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் கரண்ட் போகும், மைக் கூவும், பேச வந்தவர் மைக்கை விடமாட்டார். எங்களுக்கு இதெல்லாம் உண்டு. கூடவே மஞ்சும் உண்டு. மஞ்சு என்று நாங்கள் சொல்வது மூடுபனியை. அது வந்தால் என் கையிலுள்ள மைக்கே எனக்குத் தெரியாது.

நான் மார்த்தாண்டம் பக்கத்து ஆள், பெயர் ஜெபராஜ். பதினான்கு வருஷமாகத் திருவனந்தபுரத்தில், கரமனையில் வாடகை வீடு. ஒரு சவுண்டு சர்வீஸில் வேலை. வயர் இழுப்பது, ஹார்ன் ஸ்பீக்கர் கட்டுவது, எல்லாம் முடிந்தபின் வயரைச் சுற்றி வண்டியில் ஏற்றுவது என்று காலம் போய்க்கொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் மைக்கில் நான் பேசியது "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" மட்டும்தான். போன மே மாதம் பொன்முடி விழாவுக்கு மலை ஏறுகிற அன்று காலையில் எங்கள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. முதலாளி சசி அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் மலையாளி, என்னிடம் பேசும்போது பாதி தமிழ், பாதி மலையாளம். அவர் சொன்னது இது: "எடா ஜெபா, எட்டு திவசம் நீ மைக் பிடி. சுத்த மலையாளத்துல மட்டும் பேசணும். பரவாயில்லாமப் போனா இனிமே மைக் உனக்குத்தான். புகார் வந்தா திரும்ப வயருக்குப் போய்க்கோ, கேட்டோ."

எனக்கு அந்த மைக் வேண்டும். மறைத்து என்ன பயன்? பதினான்கு வருஷமாக அடுத்தவர் குரலைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தவனுக்குத் தன் குரலை ஒரு தடவை ஹார்னில் கேட்க ஆசை இருக்காதா? மலையாளம் பேச வரும், வாசிக்கத்தான் திணறும். நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அதனால் எல்லா அறிவிப்பையும் மலையாளத்தில் யோசித்துத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். என் மனைவி கிரேஸி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பாஷைக்காரனும் அடிக்க வருவான், பாத்துக்கிடுங்க."

ஐந்து திரி, ஐந்து குடை

கேரளத்தில் எந்த விழாவானாலும் நிலவிளக்கு ஏற்றாமல் தொடங்காது. ஐந்து திரி, ஐந்து விருந்தினர், ஆளுக்கு ஒன்று. ஊருக்குள் இது இரண்டு நிமிஷ வேலை. பொன்முடியில் மேடை போட்டிருந்ததோ காற்று நேராக வந்து அறைகிற மேட்டில். முதல் திரி பிடித்து இரண்டாவதற்குப் போகும்போது முதலாவது அணையும். விருந்தினர்களைச் சுற்றி ஐந்து குடைகளை விரித்துப் பிடித்தோம். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குடையும் முதுகும் மட்டுமே தெரிந்தன. ஒரு குடை மடங்கித் தலைகீழாகி, பூக்கண்காட்சிப் பக்கம் பறந்து போனது. "இதோ, விளக்கு ஏற்றப்படுகிறது" என்று நான் எத்தனை முறை அறிவித்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

தலைமை விருந்தினர் ஏற்கெனவே இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவில் சுற்றி வந்து தலை கிறுகிறுத்து நின்றவர். கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மைக் ஆனில் இருப்பதை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். நான்கு ஹார்னிலும் கேட்கும்படி அவர் சொன்னார்: "ஒரு திரி பிடிச்சாச்சு, அது மதி, போதும். பாக்கி நாலும் பிடிச்சதா நீ அனௌன்ஸ் பண்ணிடு."

நிறைந்த சபை

இரண்டாம் நாள் பழைய பாட்டுப் பாடுகிறவர் ஒருவர் வந்தார். நல்ல குரல், நல்ல சட்டை. முதல் பாட்டின் பாதியில் மஞ்சு இறங்கியது. மேடையின் ஓரம் வரைதான் பார்வை, அதற்கப்பால் வெள்ளை. பாட்டு முடிந்ததும் அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு, ஆள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். மனுஷன் உற்சாகம் குறையக் கூடாதே என்று, நிறைந்த சபை என்றேன். எனக்கும் தெரியாது என்பதே உண்மை. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஆறு பாட்டுப் பாடினார். நடுநடுவே கண் கலங்கி நன்றியும் சொன்னார்.

மஞ்சு விலகியபோது அத்தனை நாற்காலியும் காலி. கூட்டம் முழுவதும் தேநீர்க் கடைத் தகரக் கூரைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தது. மேடைக்கு முன்னால் இருந்த ஒரே ஆள் தேநீர்க் கடைக்காரர். அவர் பாடகரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, காலி நாற்காலிகளைக் காட்டி என்னிடம் கேட்டார்: "பாட்டு கழிஞ்சா அந்தக் கசேரியெல்லாம் அங்கோட்டு எடுத்துக்கட்டுமா அண்ணா? அவ்வளவு பேரும் நின்னுக்கிட்டே சாயா குடிக்காங்க."

கழக்கூட்டத்துப் பதினொரு பேர்

மூன்றாம் நாள் கழக்கூட்டத்திலிருந்து ஒரு சாப்ட்வேர் ஆபீஸ் குழு வந்தது. மேனேஜர் கையில் ஒரு பட்டியல். இரண்டு மணிக்கு ஒற்றுமை வளர்க்கும் விளையாட்டு, எல்லாரும் மேடைப் பக்கம் வர வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். பதினொரு பெயர். நான் ஒவ்வொன்றாக, அழகாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். மேனேஜர் தனியாக, ஒரு வடத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறு முனை புல்லில் கிடந்தது.

நான்காவது தடவை கூப்பிட்டு முடித்தபோது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையை இழுத்தது. பட்டியலில் ஏழாவது பெயருக்குரிய பெண். கையில் அவித்த சோளம். அவளோடு இன்னும் நான்கு பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கே செல்போன் சிக்னலை ரேஞ்ச் என்பார்கள். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "அண்ணா, ரேஞ்ச் இல்லாத இடம்னுதான் இங்க வந்தோம். இப்ப நீங்களே ரேஞ்ச் ஆயிட்டீங்களே."

மூன்றாம் நம்பர் அடுப்பு

ஐந்தாம் நாள் மரச்சீனிக் கிழங்கு சமையல் போட்டி. மரவள்ளிதான் எங்களுக்கு மரச்சீனி, மலையாளிகளுக்குக் கப்பை. எட்டு அடுப்பு, எட்டுப் பெண்கள். மூன்றாம் நம்பர் அடுப்பில் கரமனை அக்ரஹாரத்து லலிதா மாமி. என் தெருவுக்கு அடுத்த தெரு. காற்றில் அடுப்புகள் மாறி மாறி அணைந்தன, பெண்கள் புடவைத் தலைப்பால் மறைத்துப் பற்ற வைத்தார்கள். எனக்கு வேகம் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் கொடையிலும் சர்ச் திருவிழாவிலும் வடம் இழுக்கும் போட்டிக்கு எப்படிப் பேசுவார்களோ, அப்படி ஆரம்பித்தேன். தாள் எங்கே போனதென்று தெரியாது. "மக்களே, மூணாம் நம்பர் அடுப்பு அணைஞ்சு போச்சு. மரச்சீனி பச்சையாட்டே கிடக்கு. வேவாது, வேவவே செய்யாது" என்று முழங்கினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மாமி கரண்டியோடு மேடை ஓரத்துக்கே வந்துவிட்டாள். கரண்டியில் ஒரு துண்டுக் கிழங்கு. வாயைத் திற என்றாள். திறந்தேன். பஞ்சாக வெந்திருந்தது. நாக்குச் சுட்டுப் பேச முடியாமல் நான் நிற்க, மாமி என் கையிலிருந்த மைக்கிலேயே சொன்னாள்: "வெந்துதா வேகலையான்னு வாயில போட்டுண்டு சொல்லணுமாக்கும், கேட்டியா? வாய் இருக்கேன்னு சொல்லப்படாது."

முதல் வரிசைப் புகார்

அந்தச் சிரிப்பில் சேராதவர் ஒருவர் இருந்தார். முதல் வரிசையில், மடிப்புக் கலையாத சட்டை, ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் நேராகச் சசி அண்ணனிடம் போனார். இது கேரளத்தில் நடக்கும் விழா, அறிவிப்பு எல்லைக்கு அந்தப்பக்கத்துச் சந்தை போல இருக்கிறது, இந்த ஆளை மாற்றுங்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் வலித்தது. மதியச் சாப்பாட்டுக்கும் போகாமல் தாளைத் தேடி எடுத்துச் சுருக்கம் நீவிக்கொண்டிருந்தேன். சசி அண்ணன் என்னைத் தேற்றத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் சொன்னார்: "முதல் புகாருக்கு மன்னிப்பு உண்டு ஜெபா. ரெண்டாவதுக்கு வயர்தான் உண்டு."

ஒற்றை ஹார்ன்

ஆறும் ஏழும் நான் தாளைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள், கடைசி நாள், பட்டம் விடும் போட்டி. முப்பத்தேழு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காற்றுக்கு ஏற்றபடி புல்மேடு முழுக்கச் சிதறி நின்றார்கள். மூன்று மணிக்கு மஞ்சு இறங்கியது. கூடவே தூறல். அந்தப் புல்மேட்டுக்கு ஒரு பக்கம் கார் நிறுத்தும் இடம், மறு பக்கம் செங்குத்தான சரிவு. வேலி எல்லா இடத்திலும் இல்லை. பாதுகாப்பு அறிவிப்பை வாசி என்றார் சசி அண்ணன். வாசித்தேன். எல்லாரும் ஒலிபெருக்கி இருக்கும் பக்கம் வரவும் என்று அதில் இருந்தது.

மஞ்சுக்குள்ளிருந்து ஒருவர் மலையாளத்தில் கேட்டார்: ஏது பக்கம்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹார்ன் நான்கு. மேடையில் ஒன்று, கார் பக்கம் ஒன்று, பூக்கண்காட்சியில் ஒன்று, நான்காவதை நானே சரிவுக்குப் பக்கத்து மேட்டில் கட்டியிருந்தேன், பட்டம் விடுகிறவர்களுக்குக் கேட்கட்டுமே என்று. நான்கு பக்கமும் என் குரல். கண் தெரியாத ஜனம் நான்கு பக்கமும் நடந்துகொண்டிருந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். சுவிட்சு எது, வயர் எது என்று எனக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். சரிவுப் பக்கத்து ஹார்னை முதலில் பிடுங்கினேன், பிறகு மற்ற இரண்டையும். ஹார்ன் கெட்டுப்போய்விட்டது என்று சசி அண்ணன் தலையில் கை வைத்தார். நான்தான் கழற்றினேன், ஒன்று போதும் என்றேன். மைக்கை வயரோடு இழுத்துக்கொண்டு கார் பக்கத்து ஹார்னின் அடியில் போய் நின்றுகொண்டேன்.

தாளைப் பார்த்தால் தூறலில் எழுத்தெல்லாம் கரைந்திருந்தது. மலையாளம் நாலு வாக்கியம் வந்தது, பிறகு வாயில் வந்ததைப் பேசினேன். "மக்களே, நில்லுங்க. ஓடப்பிடாது. இந்தச் சத்தம் எங்க கேக்குவு, அந்தப் பக்கமாட்டுப் பைய வாங்க. சத்தம் குறைஞ்சா தப்புப் பக்கம், நின்னு திரும்புங்க." நிறுத்தினால் ஆள் வழி தவறும், அதனால் நிறுத்த முடியாது. சொல்ல வேண்டியது தீர்ந்ததும் தேநீர்க் கடையில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, போடுவதைச் சொன்னேன். எண்ணெயில் போடுகிறார், புரட்டுகிறார், எடுக்கிறார் என்றெல்லாம். பிறகு நெடுமங்காடு, விதுரை, கல்லாறு என்று கீழிருந்து மேலே பஸ் நிற்கிற இடங்கள். பிறகு ஞாயிறு பள்ளியில் படித்த பாட்டு ஒன்று, பாதிக்கு மேல் மறந்துபோனது. புகார் பற்றி நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். ஆனால் வாய் நிற்கவில்லை.

மஞ்சுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் பட்டம் தெரியும், பிறகு ஆள் தெரியும். சசி அண்ணன் விரல் விட்டு எண்ணினார். முப்பத்து மூன்றில் நின்றுவிட்டது. மேலும் பத்து நிமிஷம் அந்த எண்ணிலேயே இருந்தது.  நான்கு பேருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து, கடைசியில் "வந்துருங்க, வந்துருங்க" என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் நனைந்த புடவையின் சிவப்பு தெரிந்தது. நெடுமங்காட்டுக் குடும்பம் ஒன்று. அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு மகள்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். சரிவின் ஓரம் வரை போய்த் திரும்பினார்களாம். அந்த அப்பா நேராக என்னிடம் வந்து, சசி அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதே, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அண்ணா, நீங்க பறைஞ்சதுல பாதி எனக்கு மனசிலாகல. எந்தப் பக்கம் வரணும்னு மட்டும் நல்லா மனசிலாச்சு."

ஆக, அன்று முதல் நான்தான் அறிவிப்பாளன். எந்த ஹார்னை எப்போது கழற்ற வேண்டும் என்று தெரிந்த ஒரே அறிவிப்பாளன் என்பதால், வயரையும் சசி அண்ணன் என் தலையிலேயே கட்டிவிட்டார்.