பைஜாமாக் கால் காட்டிய வழி

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கத் தெரியாமல், ஒரு வியாழக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரைக் கொன்றிருக்கிறேன். பதின்மூன்றாவது ஆள் நான். எல்லாம் காகிதத்தில்தான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையில் ஓர் அம்மோனியாத் தொட்டி உண்டு. அது கசிந்தால் தப்பிப்பது எப்படி என்று அவ்வப்போது ஒத்திகை நடக்கும். சங்கு ஊதியதும் ஒவ்வொரு பிரிவையும் அதன் தலைவர் பத்திரமான இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அலுவலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடி, இல்லையென்றால் பக்கவாட்டில் சைக்கிள் ஸ்டாண்ட். எது என்பதைக் கம்பத்தின் உச்சியில் ஆடும் விண்ட்சாக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணிக்குழாய் அது; ஒற்றைக்கால் பைஜாமா மாதிரி இருக்கும். தவறினால் பிரிவுக்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

எங்கள் பிரிவுக்குத் தலைவன் நான். கிரேக்க மாலுமிகள் பருவக்காற்றைப் பிடித்து இங்கே வந்த கதையைத் தேநீர் வேளைகளில் சொல்லிச் சொல்லி, காற்று விஷயத்தில் விவரமானவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

சங்கு ஊதியது. அண்ணாந்து பார்த்தேன். குழாயின் வால் வேப்பமரத்தைக் காட்டியது. நெடுஞ்சாலை அம்புக்குறியை நம்புவதுபோல அதை நம்பி, எல்லோரையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன். டீ கொண்டுவந்திருந்த கேண்டீன் அக்கா மட்டும் நின்றார்.

"இன்னா சார், அந்தாண்ட போறீங்கோ?"

பதிலுக்குக் காத்திராமல் கேனோடு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

மரத்தடியில் பாதுகாப்பு அதிகாரி எங்கள் தலைகளை எண்ணி, அத்தனையும் மரணம் என்று எழுதிக்கொண்டார். குழாயின் அகன்ற வாய் காற்று வரும் பக்கம் திரும்புமாம். வால், காற்று போகும் பக்கம் நீளுமாம். விஷவாயுவும் வால் காட்டும் வழியில்தான் போகும். அதற்குத் துணையாக நாங்களும் போயிருக்கிறோம்.

ஞாயிறு வகுப்பில் எல்லோரும் என்னைவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். மச்சினி வளைகாப்பை விட்டுவிட்டு வந்திருந்த ஒருவர் மட்டும், கிரேக்கக்காரன் ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்தானா என்று விசாரித்தார்.

திங்களன்று, உயிர் பிழைத்த ஒரே ஆளான அக்காவிடம் புதிதாய்க் கற்ற வாயையும் வாலையும் கை நீட்டி விளக்கினேன். அவர் மட்டும் எப்படிச் சரியாகப் பார்த்தார் என்றும் கேட்டேன்.

"நான் அத்த பாக்கவே இல்ல சார். தொட்டி இருக்கிற பக்கந்தான நம்ம கேண்டீனும்? வாசன இங்க வரிக்கும் தூக்குது, இன்னிக்கி முருங்கக்கா சாம்பாரான்னு அன்னிக்கு சங்கு ஊதறதுக்கு முன்னாடி நீங்கதான கேட்டீங்கோ?"