லாட்ஜில் தங்கிய குற்றாலத்துக்காரி

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். இங்கிலீஷில் எப்போதும் நான்தான் முதல் மார்க். நோட்ஸில் உள்ள கட்டுரையைக் கமா பிசகாமல் ஒப்பிப்பேன். அந்தத் திமிர் என் நடையிலேயே தெரியும் என்பார்கள்.

அந்த வருஷம் வந்த இங்கிலீஷ் டீச்சர் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து, புத்தகத்தை மூடச் சொன்னார்.

"எல்லாருக்கும் மூளை ஒண்ணுபோல வேலை செய்யாதுட்டி. படம் வரையுதவ வரைங்க, பாடுதவ பாடுங்க, நடிக்கவ நடிங்க. குத்தால சீசனைப் பத்தி இங்கிலீஷ்ல நாலு வார்த்தை வரணும், அம்புட்டுதான்."

முதலில் எழுந்தவள் கடைசி பெஞ்சிலிருந்த என் சிநேகிதி. இங்கிலீஷில் ஒருமுறைகூடப் பாஸாகாதவள். அருவிக்கடியில் நிற்பதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டு, "வாட்டர் பீட்டிங்! கோல்டு! அம்மா, கம்!" என்று கத்தினாள். வகுப்பே கைதட்டியது.

எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிடாமலே எழுந்துபோய் ஆரம்பித்தேன். சென்னையில் ரயில் ஏறினோம், மறுநாள் தென்காசியில் இறங்கினோம், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினோம். நோட்ஸில் இருந்தபடியே, தங்குதடையில்லாத இங்கிலீஷில்.

"உங்க வீடு எங்கனட்டி இருக்கு?" என்றார் டீச்சர்.

"குத்தாலத்துல, டீச்சர்."

"பொறவு எதுக்கு லாட்ஜுல தங்குன?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, இங்கிலீஷ் வேண்டாம். தமிழ்லயே சொல்லு. சீசன்ல உங்க வீடு எப்படி இருக்கும்?"

வாயைத் திறந்தேன். தமிழிலும் ஒன்றும் வரவில்லை. அதற்கு நோட்ஸ் கிடையாதே. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

சிநேகிதிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரே ஒருமுறை, ஒரு சீசனில், எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். எனக்காக எழுந்தாள்.

"டீச்சர், அவ வீட்டுல எந்நேரமும் அருவிச் சத்தம் கேக்கும். அவ அம்மா சாப்பிடக் கூப்பிடுததே சண்டைக்கு வாற மாதிரி இருக்கும். துணி நாலு நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேல கொடி கட்டிக் காயப் போடுதாவ."

அத்தனையும் உண்மை. அன்று நான் போட்டிருந்த தாவணியில்கூட அடுப்புப் புகை வாசனை இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, எங்கள் வீட்டைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.