துவக்கு இல்லாத துவக்குப் பெட்டி

பழைய ரிவால்வர்ப் பெட்டிகளைப் பழுதுபார்க்கிறவனுக்குத் துவக்கைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் ஆபத்து வரும்.

என் தொழிலை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர்களை முறைப்படி அனுமதி எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த நாளில் அவை தமக்கென்று செய்த மரப்பெட்டியோடு வந்தனவாம். உள்ளே வெல்வெட் மெத்தை, ரிவால்வர் படுக்க அதன் வடிவிலேயே ஒரு பள்ளம், வெடிமருந்துக் குடுவைக்கும் குண்டு வார்க்கிற அச்சுக்கும் தனித்தனி அறை. கறையான் தின்ற அந்தப் பெட்டிகள் ஆரையம்பதியில் என் பட்டறைக்கு வரும். துவக்கு வராது. அதன் உருவத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்புவார். நான் மரத்தில் ஒரு போலித் துவக்குச் செதுக்கி, பள்ளத்துக்கு அளவு பார்ப்பேன். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' என்பதை ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. சொன்னால் விளங்காத தொழில் செய்கிறவர்களே, உங்களுக்காவது என் வேதனை விளங்கும். அதிலும் அது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம். "மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?" என்ற கேள்வியோடு எத்தனையோ சம்பந்தம் வாசல் படலையடியிலேயே திரும்பிப் போயிருந்தது.

வெல்வெட் வாங்கப் போனது

வெல்வெட்டுக்குக் காத்தான்குடிதான். அங்கே ஒரு துணிக்கடை முதலாளி, நாங்கள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர், கை வைத்துப் பார்க்காமலே துணியின் தரம் சொல்லுவார். பச்சை வெல்வெட்டை விரித்துவிட்டு, "கலியாணத்துக்கா தம்பி?" என்றார். "இல்ல காக்கா, துவக்குக்கு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று நான் செய்த காரியம்தான் பெரிய மடத்தனம். பையில் கையை விட்டு மரத்துவக்கை வெளியே எடுத்தேன். துணி வெட்டிக்கொண்டிருந்தவர் மேசைக்குக் கீழே போய்விட்டார். முதலாளி மட்டும் அசையவில்லை. அதை என் கையிலிருந்து வாங்கி, மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, மரம்தான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு சொன்னார்: "நான் வாப்பாட கடையில வெறுந்தரையில படுத்து வளந்த மனிசன், தம்பி. இந்தக் கட்டைக்கு வெல்வெட் மெத்தை கேக்குதோ?"

ஓட்டமாவடியிலிருந்து வந்த பஸ்

ஒரு பெட்டியின் பித்தளைப் பூட்டைத் திருத்துவித்துக்கொண்டு ஓட்டமாவடியிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வழியில் பொலிஸ் சோதனை. பெட்டியைத் திறந்தார்கள். துவக்கோடு ஒரு பெட்டி அகப்பட்டால் ஒரு கேள்விதான் வரும். துவக்கு வடிவில் வெறும் பள்ளம் மட்டும் அகப்பட்டால் எத்தனை கேள்வி வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"துவக்கு எங்க?" "கொழும்பில, சேர்." "பெட்டி?" "இஞ்ச." "ஏன்?" இந்த 'ஏனு'க்கு நான் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடங்கினேன். பயணிகள் எல்லோரையும் இறக்கி, சீட்டுக்கு அடியில் எல்லாம் தேடினார்கள். மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பெட்டியே எரிந்திருக்க வேண்டும். கடைசியில் அந்தச் சிங்கள அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, இடுப்பிலிருந்த தன் துவக்கை உருவி, குண்டைக் கழற்றிவிட்டு, அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். அது குறுக்கே நின்றது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? "சேர், மற்றப் பக்கம் திருப்பி வைங்க" என்றேன். திருப்பியும் வைத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இது நம்ம துவக்குக்குச் சரி வராது. நீங்க போங்க. வேற பெட்டி செஞ்சா சொல்லுங்க."

அம்மா வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு மரம் அறுக்கிற வாள், உளி, சீவுளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அம்மாவின் வேலை. அந்த வருடம் திறந்து கிடந்த பெட்டிக்கும் வைத்துவிட்டார், அதுவும் நான் அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய பழைய வெல்வெட்டில். கேட்டால், "ஆயுதத்துக்குத்தானே மகன் பூசை, அது படுக்கிற இடத்துக்கு வைக்காம?" என்கிறார். துடைக்கத் துடைக்கச் சிவப்புப் பரவியது.

அப்படியே கொழும்புக்குக் கொண்டு போனேன். எஞ்சினியர் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது ரத்தம். ஆரோ காயப்பட்டிருக்கினம்" என்றவர், ஒரு வெள்ளைக்காரக் கப்டன், ஒரு காதல், ஒரு சண்டை என்று நின்ற நிலையிலேயே ஒரு கதையைக் கட்டத் தொடங்கினார். எனக்குப் பொய் செரிக்காது. "ஐயா, அது அம்மா வச்ச குங்குமம்" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்மார் பெட்டி பாக்க வருகினம். இதைத் திங்கட்கிழமை சொல்லியிருக்கக் கூடாதோ?"

உன்னிச்சைச் சம்பந்தம்

உன்னிச்சையிலிருந்து வந்த சம்பந்தம் மட்டும் படலையடியில் திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். அதனால் அம்மாவோடும் தாய்மாமனோடும் அங்கே போனேன். பெண்ணின் அப்பா வெள்ளாமை செய்கிறவர். எருமைத் தயிரும் தேனுமாகத் தடபுடல் உபசாரம். மகள் வதனியைப் பார்த்தேன். பிடித்துவிட்டது. எப்படியாவது இது நடக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

வதனியின் அப்பா என்னைத் தனியே வயல்வட்டைக்குக் கூட்டிப் போனார். வரம்பு யானைக் காலால் மிதிபட்டுக் கிடந்தது. "இதுதான் ஆன வாற வழி, மருமகன். இனி உங்கட பொறுப்பு" என்றார். அப்போதுதான் உபசாரத்தின் காரணம் விளங்கியது. மாப்பிள்ளையிடம் துவக்கு இருக்கிறது என்ற ஊர்க்கதை உன்னிச்சை வரைக்கும் போயிருக்கிறது. அந்தக் கதையை நம்பித்தான் மனிதர் பெண் தரச் சம்மதித்திருக்கிறார்! உண்மையைச் சொன்னால் வதனி இல்லை. சொல்லாவிட்டால் முதல் யானை வருகிற அன்று மானம் இல்லை.

வீட்டுக்குத் திரும்பி, எல்லோர் முன்னிலையிலும் வதனியின் அப்பாவிடம் சொன்னேன்: "மாமா, என்னட்டத் துவக்கு இல்ல. பெட்டி மட்டுந்தான்."

"பெட்டியக் காட்டினா ஆன போகுமா?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாய்மாமன் செருப்பைத் தேடத் தொடங்கினார். அந்த நேரம் குசினி வாசலில் நின்ற வதனி வாய் திறந்தாள்: "அப்பா, துவக்குக்காரன் வந்தா ராவெல்லாம் பரணில காவல் கிடப்பான். பெட்டிக்காரர் எண்டா வீட்டில இரிப்பார். எனக்கு இவர்தான் சரி."

துவக்கு இருந்திருந்தால் ஒரு வெடியைப் போட்டுவிட்டு வந்து படுத்திருப்பேன், அது இல்லாத குற்றத்துக்கு இப்போது மாமனாரோடு பரணில் நின்று யானை விரட்ட விடிய விடியத் தகரம் தட்டுகிறேன்.