வாங்கை விட்டு எழும்பினால்

ஒரு வருடம் நம்முடைய பிள்ளையார் தேரன்று மழை கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? உடைத்த தேங்காய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து தெருவெல்லாம் ஓடி, வெறுங்காலோடு வடம் பிடித்தவர்கள் வழுக்கி வழுக்கி நடந்த தேர். அந்தத் தேருக்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில் நடந்தது இது. எந்த வருடம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வருடங்களை நான் அப்படி வைத்திருப்பதில்லை. அந்த மழையில் என் மனைவியின் புதுச் சேலைச் சாயம் என் வேட்டியில் பிடித்துக்கொண்டது. வேட்டி இன்னும் இருக்கிறது, சாயமும் இருக்கிறது.

என் மகன் மெல்பேர்னில் இருக்கிறான். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே, புறநகர் பியர்ஃபித்தில். அங்கே கல்யாணம் முடித்துப் போனவன். கட்டடங்களுக்கு வயர் இழுக்கிற வேலை. இங்கே இருந்தவரை எல்லாப் பிள்ளைகளையும் போலக் கால்பந்துதான் அடித்தான். அங்கே போனதும் வேறொரு விளையாட்டு அவனைப் பிடித்துக்கொண்டது. அதையும் ஃபுட்போல் என்றுதான் சொல்கிறார்கள். பந்து இங்கே ரக்பிக்காரர் வைத்திருக்கிறார்களே, அந்த முட்டைப் பந்து மாதிரி. மைதானம் குளம் மாதிரி வளைந்து கிடக்கும். அந்தத் தலைப்பில் நான்கு கம்பம், இந்தத் தலைப்பில் நான்கு கம்பம், வலை இல்லை. கையாலும் குத்துவார்கள், காலாலும் அடிப்பார்கள். ஒருவன் தோளில் ஒருவன் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைப் பிடிப்பான், நடுவர் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் தடவை பார்த்தபோது சண்டை என்று நினைத்து மனைவி தொலைபேசியை மூடிவிட்டாள்.

அங்கே ஒவ்வொரு கழகத்துக்கும் இரண்டு அணி. பின்னேரம் முதலாம் அணி ஆடும். அதற்கு முன்னால் அதே மைதானத்தில் இரண்டாம் அணி ஆடும். என் மகன் இரண்டாம் அணிக்காரன். போன நாளிலிருந்தே இரண்டாம் அணிதான்.

இதுதான் நம்மவர் கடைகள் நிறைந்த இந்த லா ஷப்பலில் பெரிய கதையாகிவிட்டது. நான் வேலையை விட்ட பிறகு ரெயில் எடுத்து வந்து ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடிப்பது வழக்கம். கடைக்காரத் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னண்ணை, உங்கட மோன் இன்னும் செக்கண்ட் டீமோ?”

“ஓம். அதுக்கென்ன இப்ப?”

“இல்லை, நானும் கலியாணம் முடிச்ச நாள் துவங்கி வீட்டிலை செக்கண்ட் டீம்தான். அதான் ஒரு பாசத்திலை கேட்டனான்.”

நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். என் மனைவியால் அப்படி முடியாது. அவளிடம் கோயிலில் யாரோ இதையே கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் மகன் பெயருக்கு அர்ச்சனை. பிள்ளையை முதலாம் அணிக்கு ஏற்றிவிடு, தேருக்கு உன் முன்னால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்த்தி.

பிள்ளையார் ஏற்றிவிட்டார். முதலாம் அணியில் ஒருவனுக்கு முழங்கால் போனது, இன்னொருவன் கையை முறித்துக்கொண்டான், என் மகனை மேலே கூப்பிட்டார்கள். மனைவி வடை சுட்டு, நான் அதைப் பையில் வைத்து ரெயிலில் கொண்டுவந்து கடையில் கொடுத்தேன். அடுத்த கிழமையும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த கிழமையும். எனக்கு வடை தூக்கியே தோள் நோ எடுத்தது.

மகன் மட்டும் சந்தோசமாக இல்லை. ஒரு நாள் எடுத்துச் சொன்னான்.

“அப்பா, அம்மாவைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ. இன்னும் ஒரு மாட்ச் மேலை விளையாடினா நான் ஃபினால் விளையாட ஏலாது.”

“ஏன் ஏலாது? நீ இப்ப பெரிய டீம்காரன் எல்லோ?”

“பெரிய டீம் கடைசியிலை நிக்குது அப்பா. அதுக்கு ஃபினாலே இல்லை. ரெண்டாவது டீம்தான் முன்னுக்கு நிக்குது. ஆனா மேலை இத்தனை தரம் விளையாடினவன் ரெண்டாவது டீமுக்கு ஃபினால் விளையாடக் கூடாது எண்டு ரூல். நான் அந்தக் கரையிலைதான் நிக்கிறன்.”

எனக்கு விளங்கவில்லை. மேலே ஆடினவன் கீழே ஆடினால் யாருக்கு என்ன நட்டம்? அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மேலும் கீழுமாக நடந்தேன். வீட்டில் முருங்கைக்காய் இருக்க, இன்னொரு கட்டு வாங்கினேன்.

விளக்கியது பாண்டிச்சேரி ஐயா. இங்கே மேரியில், அதாவது நகரசபையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் மேசையில் வந்து உட்காருவார்.

“இதுல என்னங்க இருக்கு? பிளாஃபோன் இருக்குல்ல, அதான். நீங்க கொஞ்சமா சம்பாதிக்கிற வரைக்கும் வீட்டுக்கு அலோகாசியோன் வரும். ஒரு மாசம் கூட ரெண்டு மணி நேரம் வேலை செஞ்சு அந்தக் கோட்டைத் தாண்டிட்டீங்கன்னா, ஃபினி. நின்னுடும்.”

எங்கள் மேசையில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அரசாங்கம் வாடகைக்குத் தருகிற காசு அந்த உச்சக் கோட்டைத் தொட்டு நின்றுபோன அனுபவம் இல்லாத வீடு எங்களில் ஏது?

“அப்ப உங்கட மோனுக்குச் சம்பளம் கூடிப்போச்சண்ணை,” என்றான் கடைக்காரத் தம்பி. “பாவம், வீட்டுக்காசு நிக்கப்போகுது.”

“சரி, ஏன் அப்படி ஒரு சட்டம்?” என்று கேட்டேன். அதற்கு ஐயா பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்கும்போதே எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. புறநகர் மைதானம் ஒன்றில் நம்மவர்களின் கழகங்கள் ஆடிய கால்பந்துப் போட்டி. நான் ஓரத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். சின்ன அணிகளுக்கான இறுதி ஆட்டம். ஒரு கழகம் தன் பெரிய அணியின் கெட்டிக்காரர் மூன்று பேரை அதில் இறக்கிவிட்டது. வருடம் முழுக்க ஓடி அந்த இடத்துக்கு வந்த சின்ன அணிப் பெடியன்கள் மூன்று பேர் இடம் பறிபோய், காற்சட்டையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒருவன் என்னிடம் தேத்தண்ணி வாங்கிவிட்டுக் குடிக்காமலே நின்றான். பிறகு சண்டை வந்து, ரோல்ஸ் தட்டு பறந்து, நடுவர் தன் காருக்குள் போய் இருந்துகொண்டார். அப்படி நடக்கக் கூடாது என்றுதான் அந்த நாட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் என் மகனுக்குக் குறுக்கே வந்து நின்றது.

அவனுக்கு அது கடைசி வருடம். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. இந்த வருடத்தோடு சப்பாத்தைக் கழற்றுகிறேன் என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். இத்தனை வருடத்தில் ஓர் இறுதி ஆட்டமும் அவன் ஆடினதில்லை.

விசயம் விளங்கியதும் மனைவி நேரே கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“ஐயா, மோனைக் கீழை இறக்கிவிடச் சொல்லி ஒரு அர்ச்சனை.”

ஐயர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “அம்மா, ஏத்திவிடச் சொல்லி எத்தினை வெள்ளி செய்தனாங்கள்? இப்ப இறக்கச் சொன்னா அவர் என்ன நினைப்பார்?”

“என்னவும் நினைக்கட்டும். அவருக்கும் அங்கத்தைய சட்டம் தெரிஞ்சிருக்காது.”

ஐயர் அர்ச்சனை செய்தார். எப்படிச் சொல்லிச் செய்தாரோ.

கடைசிக் கிழமை வந்தது. இறுதிச் சுற்றுக்கு முந்திய கடைசி ஆட்டம். முதலாம் அணி அதில் தோற்றால் அடுத்த வருடம் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். களத்தில் பதினெட்டுப் பேர் நிற்க வேண்டும். காயக்காரர்களையும் என் மகனையும் கழித்துப் பார்த்தால் சரியாகப் பதினெட்டுப் பேர்தான். மேலதிகமாக ஒருவர்கூட இல்லை; இரண்டாம் அணியின் மற்றவர்கள் அன்று முன்னேரமே ஆடிக் களைத்திருப்பார்கள். பயிற்சியாளர் என் மகனிடம் வந்து, சும்மா வாங்கில், அதுதான் மாற்று ஆட்கள் இருக்கிற பலகையில், வந்து இரு, பெயரை மட்டும் போடுகிறேன் என்றாராம். அவர்கள் சட்டத்தில் பெயர் போட்டு வாங்கில் இருந்தால் கணக்கில்லை. எழும்பிக் களத்துக்குள் கால் வைத்தால் அது ஓர் ஆட்டம். வைத்தால் இறுதி ஆட்டம் போச்சு.

எங்களுக்குச் சனிக்கிழமை விடிய ஆறு மணி, அவர்களுக்குப் பின்னேரம். குசினி மேசையில் சீனிப் பேணியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் இருந்தோம். மருமகள் மைதானத்து ஓரத்தில் நின்று தன் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கே அது குளிர்காலம். எல்லோர் வாயிலும் புகை.

“மாமா, பந்து தெரியுதோ?”

“பிள்ளை, பந்தைக் காட்டாதை. வாங்கைக் காட்டு.”

காட்டினாள். நீளமான பலகை வாங்கு. அதில் ஒரே ஒரு ஆள், பெரிய ஜக்கெட்டோடு, கையை இடுக்கிக்கொண்டு. என் மகன். நான் எத்தனையோ விளையாட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் சும்மா இருப்பதை அப்படிப் பார்த்ததில்லை. அவன் கால் ஆட்டினால் நான் கதிரை நுனிக்கு வந்தேன். மூக்கைத் துடைக்கக் கொஞ்சம் குனிந்தான், மனைவி என் கையைப் பிடித்துவிட்டாள். நான் எழும்பி யன்னலுக்குப் போனேன், வந்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்பவும் போனேன்.

“ஒரு இடத்திலை இருங்கோ,” என்றாள். “நீங்கள் எழும்ப எழும்ப அவனும் எழும்பிப்போடுவான்.”

இருந்தேன்.

ஆட்டம் நான்கு கால் பாகம். மூன்று முடிந்தது, அவன் இருந்தான். நான்காவதிலும் பாதி போய்விட்டது. அவர்கள் இரண்டு புள்ளி முன்னால் நின்றார்கள். அப்போது மருமகள் “ஐயோ” என்றாள். தொலைபேசி ஆடியது. ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தான். தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பயிற்சியாளர் நடந்து வந்து வாங்குக்கு முன்னால் நின்றார்.

மகன் ஜக்கெட்டைக் கழற்றினான்.

“ஏன் கழட்டுறான்?” என்றாள் மனைவி. “வேர்க்குதோ?”

அவன் ஜக்கெட்டை மடித்து வாங்கில் வைத்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் எதையும் மடித்துத்தான் வைப்பான், தாயின் பழக்கம். பிறகு எழும்பி ஓடினான்.

உள்ளே போய்ப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பந்து அவனிடம் வந்ததே குறைவு. ஒரே ஒரு தடவை, பந்து நடுக் கம்பங்களுக்குள் போகப் போனபோது குறுக்கே பாய்ந்து கையால் குத்திப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டான். ஆறு புள்ளி போகவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி போனது. ஊதுகுழல் ஊதியபோது அவர்கள் ஒரு புள்ளியால் வென்றிருந்தார்கள்.

பின்னேரம் அவனே எடுத்தான். நான் வாயைத் திறக்குமுன் சொன்னான்:

“அப்பா, தெரியும். ஒண்டும் சொல்லாதேங்கோ.”

“கோச் இறங்கச் சொன்னவரோ?”

“இல்லை. முன்னாலை வந்து நிண்டவர். வாய் திறக்கேல்லை. நான்தான் எழும்பினனான்.”

“பிறகென்னத்துக்கடா?”

“பதினேழு பேராய் நிண்டவை அப்பா. வுவாலா. அவ்வளவுதான்.”

மனைவி தொலைபேசியை வாங்கி, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் தேரில், அந்த மழையில், நேர்ந்த தேங்காயை உடைத்தாள். இனி என்னத்துக்கு என்று கேட்டேன். “கேட்டதை அவர் தந்தவர்தானே,” என்றாள். கோபமா இல்லையா என்று அவள் முகத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

சில கிழமை கழித்து இரண்டாம் அணி இறுதி ஆட்டத்தில் வென்றது. என் மகன் அன்று தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு ஓடினான். கோப்பையோடு எல்லோரும் நின்ற படத்தை அவன் எங்களுக்கு அனுப்பினான், மனைவி சொந்தக்காரருக்கு அனுப்பினாள், அது தொலைபேசி தொலைபேசியாகப் போய்விட்டது. முதலாம் அணி கீழே போகாமல் தப்பியதற்குப் படம் இல்லை. நின்ற இடத்தில் நின்றதற்கு யார் கோப்பை கொடுக்கிறார்கள்?

பிறகு பியர்ஃபித்தில் ஒரு சாமத்திய வீடு, தெரிந்த பிள்ளை ஒன்று பெரியவளான கொண்டாட்டம். மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிறேன், மனைவி வழிச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார்.

“படம் பார்த்தனான் அத்தான். தம்பியைத் தேடித் தேடிப் பார்த்தன், காணேல்லை. கழிச்சுப்போட்டினம் போலை?”

“கழிக்கேல்லை. அங்கை ஒரு சட்டம் இருக்கு. மேலை விளையாடினவன்...”

“ஓமோம். வயசும் போகுதுதானே. கவலைப்படாதேங்கோ.”

“கவலைப்படேல்லை. கேளும், எங்கட அலோகாசியோன் பிளாஃபோன் மாதிரி...”

அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், செத்த வீட்டில் தட்டுவது மாதிரி. பாயாசம் நான் குடிக்கவில்லை. அவர் அதையே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிய வந்தது. ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, பந்து இப்படி, மைதானம் இப்படி, சட்டம் இப்படி என்று முதலிலிருந்து சொல்ல எனக்கு மூச்சும் இல்லை, அவர்களுக்கு நேரமும் இல்லை. பாதியில் நிறுத்தினால் சாட்டுச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். ரெயிலில் வரும்போதும் அதையே மனதுக்குள் சொல்லிச் சொல்லி, இறங்கவேண்டிய இடத்தை இரண்டு தடவை விட்டுவிட்டேன்.

நீங்கள் இவ்வளவு நேரம் இருந்து கேட்டீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். நம்மவர்கள் யாராவது அந்தப் படத்தைக் காட்டி, இதில் அவன் ஏன் இல்லை என்று சொன்னால், எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். அவனை ஒருவரும் கழிக்கவில்லை, அவனாகத்தான் எழும்பிப் போனான், அந்தப் படத்தை எடுத்ததும் அவன்தான் என்று சொல்லிவிடுங்கள். கேட்டவர் இன்னொருவருக்கும் சொல்லட்டும்.