லைனில் இருந்தவள்

சரக்கு லாரி கம்பெனி ஒன்றில் பதினொரு வருஷமாக வண்டி அனுப்பும் வேலை பார்த்தாள் அவள். முப்பது லாரி, அவை புள்ளிகளாக நகரும் ஒரு கம்ப்யூட்டர் திரை, இரண்டு போன். எந்த வண்டி எங்கே வருகிறது, எந்த ஆலையின் கேட்டை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். ஆனாலும் புள்ளியை மட்டும் நம்பாமல், அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, "எங்க இருக்கீங்க?" என்று கேட்பாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பேர் 'அலாரம்'. அவளுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

'பொறுமை' என்று பேர் வாங்கிய டிரைவர் மட்டும்தான் அவளுக்கு மசியவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். அவர் லாரியை ஆமைகூட முந்திவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஓட்டும்போது போனை எடுக்கவே மாட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் திருப்பிக் கூப்பிடுவார். ஒரு நாள் அவர் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்று அவளால் கேட்டுச் சொல்ல முடியாமல் போக, ஆலையில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். மேனேஜர் அவளைப் பிடித்துக் காய்ச்சினார். அந்தச் சூட்டை அவள் அப்படியே பொறுமையிடம் இறக்கினாள்.

"அண்ணே, இனிமே ஒரு தடவை அடிச்சா எடுக்கணும். இல்லன்னா மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதீங்க."

"சரிம்மா" என்றார் அவர்.

அடுத்த வாரம், வியாழக்கிழமை மதியம் இரண்டே முக்கால். மூன்று மணிக்கு ஆலையின் கேட் மூடிவிடும். அவள் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"பாலத்துல இறங்கிட்டிருக்கேம்மா. இன்னும் பத்து..."

அவ்வளவுதான். இரும்பு கிழிபடும் சத்தம் கேட்டது. அதன்பிறகு ஹாரன், விடாமல்.

பாலத்து இறக்கத்தில் பழுதாகி நின்ற டிரெய்லரின் பின்னால் போய் மோதியிருந்தது அவர் லாரி. அவள் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு இடத்தைச் சரியாகச் சொன்னாள். கால் மணி தாமதமாகியிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

"உனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சுது?" என்று கேட்டார் மேனேஜர்.

"திரையில வண்டியோட புள்ளி நின்னுடுச்சு சார். சந்தேகமா இருந்துது."

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. மறுநாள் காலை எல்லாரையும் ஷெட்டில் கூட்டி, "கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டே இருந்திருக்கு இந்தப் பொண்ணு" என்று அவர் சொல்ல, மெக்கானிக்குகள்கூடக் கை தட்டினார்கள். அவள் சிமென்ட் தரையில் உறைந்திருந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் நாள் இன்சூரன்ஸ்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தார். பொறுமை போனைப் பற்றி மூச்சு விடவில்லை. "கண்ணு அசந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த மூச்சு வெளியே வந்து முடிவதற்குள் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஒரு வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிந்தாள். வராந்தாவில் அவருடைய மனைவி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க கவனிக்கலன்னா நான் இவரைப் பொணமாத்தான் பார்த்திருப்பேன். கூடப்பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா."

அவள் ஏதும் சொல்வதற்குள் அந்த அம்மாள் அழ ஆரம்பித்தாள். "எல்லாம் என்னாலதான். விபத்துக்கு முதல் நாள் என் தங்கச்சி வீடு மாத்தினா. லீவு நாள்ல இவரைப் படுக்கவிடாம சாமான் தூக்க இழுத்துட்டுப் போனேன். அந்த அசதிதான் கண்ணைச் சொருகியிருக்கு. நான்தாங்க இந்தக் காலை எடுத்தது."

"அண்ணி, அவர் தூங்கல" என்றாள் அவள். "என்கூடப் பேசிக்கிட்டிருந்தார்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை.

"நான்தான் கூப்பிட்டேன். எடுக்கலன்னா எழுதிக் கொடுத்துடுவேன்னு முன்னாடியே மிரட்டி வச்சிருந்தேன். மோதுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. புள்ளி நின்னதுன்னு சொன்னது பொய்."

பிடித்திருந்த கைகள் மெல்ல விலகின. அந்த அம்மாள் அவளைத் திட்டவில்லை. நேரே உள்ளே போய்க் கணவனிடம், "ஒரு வாரமா நான் தலையில அடிச்சுக்கிட்டு அழறதைப் பார்த்துக்கிட்டுத்தானே படுத்திருந்தீங்க?" என்று கேட்டாள்.

"நீ இவ்வளவு தூரம் மனசுல போட்டுக்குவேன்னு நினைக்கல" என்று அவர் குரல் கேட்டது. "போனை எடுத்தது என் கைதானே. அந்தப் பொண்ணுக்கும் வேலை போகணுமா?"

கதவுக்கு வெளியே நின்றவள் கூனிக் குறுகிப் போனாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கிணத்துல போட்ட கல்லா இருக்கட்டும், எதுக்குக் கிளறுற?" என்றார் மேனேஜர், அவள் போய் உண்மையைச் சொன்னபோது. அவள் கேட்கவில்லை. கூப்பிட்டது, மிரட்டியது, மேனேஜர் கொடுத்த நெருக்கடி, தான் சொன்ன பொய், எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதி இன்சூரன்ஸ்காரரிடம் கொடுத்தாள். விசாரணை நாலு மாதம் இழுத்தது. தூங்கி விபத்து செய்தார் என்ற பழி நீங்கியது. போன் எடுத்ததில் அவருக்கும் பங்குண்டு என்றுதான் எழுதினார்கள். ஆனால் எடுக்க வைத்தது கம்பெனி என்றும் எழுதினார்கள். ஓடும் வண்டிக்குப் போன் செய்யக் கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவு ஒட்டினார்கள். அவளை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து, வாசலில் வண்டி நம்பர் குறிக்கும் வேலைக்குப் போட்டார்கள்.

"ராணி மாதிரி உக்காந்திருந்தவ, இப்போ கேட்டுல நிக்கிறியே" என்று அவள் கணவன் ஆதங்கப்பட்டான்.

"நிக்க எனக்கு ரெண்டு காலும் இருக்கே" என்றாள்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் பொறுமை கட்டைக் காலோடு ஏதோ கையெழுத்துப் போட வந்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அவர் மனைவி கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். இவள் ஓடிப்போய்த் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணி."

"பரவாயில்ல."

அந்த அம்மாள் உட்காரவில்லை. அவர் திரும்பி வரும்வரை இருபது நிமிஷம், அந்த நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள்.